சுற்றறிக்கையில் நான் விட்ட வரி

போன வருசம் ஆனி மாதம் முப்பதாம் திகதி, திங்கட்கிழமை, என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "சோளகக் காற்றுப் பலம். நெடுந்தீவுப் போட் மூன்றாம் நாளும் இல்லை. காப்புறுதிப் படிவங்கள் பத்தொன்பது பின்னேரம் கொழும்புக்கு அனுப்பப்பட்டன."

எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. காற்று அடித்தது, போட் ஓடவில்லை, பத்தொன்பது படிவங்கள் போயின. இருபதாவது படிவம் ஏன் போகவில்லை என்பதை மட்டும் நான் எழுதவில்லை. பல வருசமாக ஒருநாள் தவறாமல் குறிப்பு எழுதி வருகிறவன் நான். மழை பெய்த நாள், போட் நின்ற நாள், துறையடியில் புது விளக்குப் போட்ட நாள் எல்லாம் என் கொப்பிகளில் உண்டு. ஊரில் யாருக்காவது பழைய திகதி ஒன்று தேவைப்பட்டால் என்னிடம்தான் வருவார்கள். அப்படிப்பட்ட கொப்பியில் அந்தத் திங்கட்கிழமைக்கு மூன்று வசனம்தான்.

ஊர்காவற்றுறையில் ஒரு நண்டு பதனிடும் கம்பனியில் எனக்குக் கந்தோரில் எழுத்து வேலை. தீவுகளில் பிடிபடும் நண்டு இங்கே வந்து அவிந்து, பெண்களின் கையால் சதை பிரிந்து, தகரத்தில் அடைபட்டுக் கொழும்புக்குப் போகும். நெடுந்தீவில் நண்டை நிறுத்து வாங்கி அனுப்புவது, நான் தங்கச்சி என்று கூப்பிடும் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். தாய் இல்லை, தகப்பனும் அவரும்தான். நண்டுப் பெட்டிகள் போட்டில் குறிகட்டுவான் துறைக்கு வரும், அங்கிருந்து எங்கள் லொறி ஏற்றிவரும். கந்தோர்க் கடுதாசிகளும் அதே வழிதான். பொலித்தீன் பையில் சுற்றிப் பெட்டியின் மூடியில் கட்டி அனுப்புவார்.

நெடுந்தீவு ஆட்களுக்கு ஒரு கடுதாசி போட்டில் ஏறிவிட்டால் அது கொடுத்தாயிற்று. "சனிக்கிழமையே குடுத்திட்டனே" என்பார்கள். என் மேசைக்கு அது புதன்கிழமை வந்திருக்கும். அது வந்த நாளைத்தான் நான் முத்திரை குத்துவேன். கல்வெட்டுகளைப் பற்றி நிறைய வாசித்த காலத்தில், திகதி பிழையான கல்லைவிடத் திகதியில்லாத கல் மேல் என்று ஒரு எண்ணம் எனக்குள் ஊறிவிட்டது. அதைக் கொண்டுவந்து நண்டுக் கம்பனியில் வைத்திருந்தேன்.

கம்பனி எங்களுக்கு மருத்துவக் காப்புறுதி போட்டுச் சில வருசம். முதலில் வேலை செய்கிறவருக்கு மட்டும் இருந்தது, பிறகு கணவன், மனைவி, பிள்ளைகளும் சேர்ந்தார்கள். போன வருசம் வைகாசியில் புதுச் சுற்றறிக்கை வந்தது: இனித் தாய் தகப்பனையும் சேர்க்கலாம். எழுபது வயது முடிந்திருக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கிற நோய் வருத்தங்களையும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பெயர் சேர்ப்பது வருசத்தில் ஒருமுறைதான், ஆனி முப்பதோடு கதவு மூடும்.

சுற்றறிக்கை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழ்ப் பிரதி பிறகு வரும் என்றார்கள், வரவில்லை. நானே மொழிபெயர்த்து, எழுத்துக்கு எழுத்துப் பார்த்து, அறிவித்தல் பலகையில் குத்தினேன். நெடுந்தீவுக்கும் ஒரு பிரதியை லொறியில் போட்டுவிட்டேன். பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசித்தார்கள்.

"அண்ணை, மாமியையும் போடலாமோ?"

"தாய் தகப்பன் எண்டுதான் இருக்கு. மாமியைப் பற்றி ஒண்டும் இல்லை."

"அப்பாடா! கம்பனிக்காரனுக்கும் ஒரு மாமி இருக்கிறா போல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அறிவித்தலில் ஒரு வரி இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஆங்கிலச் சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், கீழே இருந்து மூன்றாவது பந்தி. போக்குவரத்துத் தடைப்படும் இடங்களில் இருப்பவர்கள், ஒப்பமிட்ட படிவத்தையோ அதனோடு சேரும் பதிவுகளையோ தெளிவாகப் படம் பிடித்து அனுப்பினால் போதும், மூலப்பிரதி பதினாலு நாளுக்குள் வந்தால் சரி. எங்களைப் போன்ற இடங்களை நினைத்தே யாரோ எழுதிய வரி. அதை நான் வேண்டுமென்றே விட்டேன்.

போனில் பிடித்து அனுப்பும் கடுதாசிகள் எனக்கு ஆகாது. ஒரு மூலை வெட்டுப்பட்டிருக்கும், நடுவில் பெருவிரலின் நிழல் விழுந்திருக்கும், பின்னால் மேசைவிரிப்பின் பூவும் சேர்ந்து வந்திருக்கும். "கோணல் கடுதாசி" என்று நானே பெயர் வைத்து, வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். கோணல் கடுதாசிக்காரர் மூலத்தை ஒருநாளும் தரமாட்டார்கள், நான்தான் பின்னால் திரியவேண்டும். அந்த வரியைப் போட்டால் இருபதும் கோணலாகத்தான் வரும் என்று நினைத்தேன். அதனால் "மூலப்பிரதிகள் மட்டுமே ஏற்கப்படும்" என்று எழுதி, அதன் கீழே கோடும் இழுத்தேன். இரண்டு பெண்கள் சம்பளமில்லாமல் லீவு போட்டு யாழ்ப்பாணம் போய்ப் பிறப்புப் பதிவு எடுத்து வந்தார்கள். என் ஒழுங்கு நன்றாக நடக்கிறது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நெடுந்தீவுத் தங்கச்சியின் தகப்பனை நான் அதற்கு முந்தியே கண்டிருந்தேன். சித்திரையில் ஒருநாள் குறிகட்டுவானில் லொறிக்கு நிற்கும்போது, பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி நாலு பேர் அவரைப் போட்டிலிருந்து தூக்கி இறக்கினார்கள். இரண்டு முழங்காலும் போய்விட்டன. மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்திருந்தது. காத்திருக்கிற ஆட்கள் அதிகம், முறை வரவேண்டும். கதிரை ஆடும்போது அவர் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு சொன்னார்: "சாமி காவுற மாதிரித்தான் காவுறாங்கள் தம்பி. ஆனா ஒருத்தனும் ஒரு தேங்காய் உடைக்கிறான் இல்லை."

பெயர் சேர்ந்தால் தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று மகள் விசாரித்து வைத்திருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது பிறப்புப் பதிவின் பிரதியும் கிராம சேவகரான விதானையாரின் ஒப்பமும். விதானையார் வெள்ளிக்கிழமைதான் அகப்பட்டார். சனிக்கிழமை காலை படிவம் போட்டில் ஏறியது. ஏறிய பிறகு காற்று எழும்பியது.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் போன் வந்தது.

"அண்ணை, அப்பான்ர கடுதாசி சனிக்கிழமையே போட்டில குடுத்திட்டன். காத்தால போட் எடுக்கேல்லை. துறையிலதான் கட்டிக் கிடக்கு."

"இண்டைக்குத்தான் கடைசி நாள், தங்கச்சி."

"தெரியும் அண்ணை. அதுதான் கேக்கிறன். வேற வழி ஒண்டும் இல்லையோ?"

அந்த நேரம் எனக்கு முன்னால் கொம்பியூட்டரில் திறந்து கிடந்தது என் அம்மாவின் பிறப்புப் பதிவு. மூலம் வவுனியாவில் தங்கை வீட்டில் இருந்தது. எடுத்து வரச் சோம்பல்பட்டு நாளைக் கடத்திவிட்டேன். அன்று காலை தங்கை அதை யன்னலடியில் வைத்துப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். நான் அதை அம்மாவின் படிவத்தோடு இணைத்து, மூலம் பிறகு வரும் என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தேன். கீழே இருந்து மூன்றாவது பந்தியின்படி.

போட் நெடுந்தீவுத் துறையிலேயே கட்டிக் கிடந்தது. அவர் நிற்கும் இடத்திலிருந்து நடந்தால் ஐந்து நிமிசம். போட்காரரிடம் பையைத் திருப்பி வாங்கி, பிரித்து, ஒரு படம். அதைச் சொல்ல ஒரு வசனம் போதும். ஆனால் சொன்னால், இது முந்தியே இருந்ததா என்று கேள்வி வரும். சம்பளமில்லாத லீவில் யாழ்ப்பாணம் போன இருவருக்கும் செய்தி போகும். கோடு இழுத்தவன் நான்.

"காத்து விழுந்தா மத்தியானத்துக்குப் பிறகு எடுப்பினம்," என்றேன். "பாப்பம்."

காற்று விழாது என்று எனக்குத் தெரியும். ஆனிக் கடைசியில் சோளகம் எத்தனை நாள் நிற்கும் என்று என் கொப்பிகளில் வருச வாரியாக இருக்கிறது.

படிவம் புதன்கிழமை வந்தது. பையில் நண்டு வாடை, உள்ளே கடுதாசி ஒரு சொட்டு நனையாமல். ஆடி இரண்டு என்று முத்திரை குத்தினேன். அப்போதுதான் தகப்பனின் பிறந்த திகதியைப் பார்த்தேன். வருகிற தையில் எழுபது முடிகிறது. கொழும்பில் ஒரு சொல் கேட்காமலே போன் எடுத்தேன்.

"பிந்திப் போச்சு, தங்கச்சி. எடுக்கமாட்டினம்."

காற்றின் இரைச்சலுக்கு மேலாகச் சொன்னார்:

"என்ர பிழைதான் அண்ணை. விதானையாரை நான் முதல் கிழமையே பிடிச்சிருக்க வேணும்."

"அடுத்த வருசம் பாப்பம்," என்றேன், அந்தத் திகதியின் மேல் விரலை வைத்துக்கொண்டு.

அடுத்து வந்த நண்டுப் பெட்டிகளோடு ஒரு முட்டி தயிரும் வந்தது. வாயைக் கட்டிய துணியில் ஒரு துண்டுக் கடுதாசி: "அண்ணைக்குக் கரைச்சல் குடுத்திட்டம்." வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டு, நெடுந்தீவுத் தயிர் நெடுந்தீவுத் தயிர்தான் என்றார். மார்கழியில் அதே காப்புறுதியில் அம்மாவின் இரண்டு கண்ணிலும் புரை வெட்டியாயிற்று. இப்போது பேப்பரில் மரண அறிவித்தல்களைத் தானே வாசித்து எனக்குச் சொல்கிறார். அப்போதெல்லாம் நான் எழும்பி வேறு அறைக்குப் போய்விடுவேன்.

இந்த வருசம் அந்த வரியைத் தமிழில் பலகையில் போட்டேன். வெட்கப்பட்டுத் திருந்திப் போட்டேன் என்று எழுத விருப்பம்தான். ஆனால் இம்முறை கொழும்பிலிருந்தே தமிழ்ப் பிரதி வந்துவிட்டது. மறைக்க எனக்கு இடம் இருக்கவில்லை. நெடுந்தீவுக்கும் அதே பிரதி போனது.

இரண்டாம் நாள் போன்.

"அண்ணை, படம் எடுத்து அனுப்பினாலும் போதும் எண்டு போட்டிருக்கு. இது இந்த வருசம் புதுசோ?"

"ஓம்," என்றேன். "புதுசு."

"சும்மாதான் கேட்டனான். அப்பாக்குத் தையோட எழுபது முடிஞ்சுதுதானே."

அன்றைய குறிப்பில் "ஓம் என்றேன்" என்று மட்டும் எழுதினேன். அடுத்த மூன்று நாளும் கொப்பியைத் திறக்க ஏலவில்லை. பல வருசத்தில் முதல் வெறுந்தாள்கள் அவைதான்.

வெள்ளிக்கிழமை நெடுந்தீவுத் தங்கச்சி தராசைப் பரிசோதிப்பித்துக்கொண்டு போக ஊர்காவற்றுறைக்கு வந்தார். கூடவே தன்னுடைய காப்புறுதியைப் புதுப்பிக்கும் படிவமும் கொண்டுவந்திருந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன். அப்பா எப்படி என்று கேட்டேன்.

"அப்பிடியே. முறை இன்னும் வரேல்லை. இப்ப கதிரையிலயும் இருத்தி ஏத்த ஏலாது, கால் மடங்காது."

அலுமாரியைத் திறந்து போன வருசக் கோவையை எடுத்தேன். எல்லாம் திகதிவாரியாக இருக்கும், தேட வேண்டியிருக்காது. ஆங்கிலச் சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தை அவருக்கு முன்னால் வைத்து, பந்தியைக் காட்டினேன். அவர் விரலை ஓட்டி மெதுவாக வாசித்தார். பிறகு தாளைப் பிரட்டி மேலே இருந்த திகதியைப் பார்த்தார். திரும்பவும் வாசித்தார்.

"இது போன வருசத்தது."

"ஓம்."

"உங்களுக்குத் தெரியும்."

"ஓம். நான்தான் போடாமல் விட்டனான்."

வெளியே பெண்கள் எதற்கோ சிரித்துக்கொண்டு தேத்தண்ணிக்குப் போனார்கள். ஒருத்தி எட்டிப் பார்த்து, "வாறீரோ?" என்று அவரைக் கேட்டாள். "போங்கோ, வாறன்," என்றார் இவர். சாதாரணக் குரல்தான்.

"உங்கட அம்மாக்கு இதிலதானே கண் வெட்டினது. அவவின்ர பேர் எப்பிடிச் சேர்ந்தது அண்ணை?"

"படம் எடுத்து அனுப்பினது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கோணாமல் எடுத்திருப்பியள்," என்றார்.

மன்னிப்புக் கேட்கவென்று நான் இரண்டு நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த வசனங்கள் எதுவும் அந்த அறைக்குப் பொருந்தவில்லை. கடைசியில், "அப்பாட்டை நான் வந்து சொல்லவோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம். அந்தத் தயிர் அவர்தான் தந்துவிட்டவர். நல்ல மனுசன், எங்களுக்காண்டிக் கஷ்டப்பட்டிருப்பார் எண்டு. அவர் அப்பிடியே நினைச்சுக்கொண்டு இருக்கட்டும்."

தராசைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பின்னேரப் போட்டைப் பிடிக்கவேண்டும். வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து, தன் படிவத்தை என் முன்னால் நேராக, மூலை மேசையின் மூலையோடு பொருந்த வைத்தார்.

"இண்டைக்கு வந்தது எண்டே குத்துங்கோ," என்றார்.

அவர் பார்த்துக்கொண்டு நிற்க, அன்றைய திகதியைக் குத்தினேன்.