குறுக்குக் கோடு

எங்கள் கல்லூரி மைதானத்துக்குக் கோடு போட நாங்கள் சுண்ணாம்பு வாங்கியதில்லை. விருத்தாசலத்தில் அதற்கு அவசியமும் இல்லை. செராமிக் கம்பெனிகளில் கழித்துப்போட்ட வெள்ளைக் களிமண்ணைச் சாக்கில் அள்ளிவந்து, காயவைத்து, இடித்துத் தூளாக்கிக்கொள்வோம். ஒரு மழை பெய்தால் எல்லாம் கரைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து போடவேண்டும். அதனால் வேண்டிய கோடுகளை மட்டுமே போட்டோம். என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண்கள் எண்ணூறு மீட்டரும் ஆயிரத்து ஐந்நூறும் ஓடினார்கள். ரிலே ஓட நான்கு பேர் சேர்ந்ததே இல்லை. ஆகவே ரிலேவுக்கான கோடுகள் எங்கள் தரையில் விழுந்ததும் இல்லை.

எண்ணூறு மீட்டரில் முதல் வளைவு முடியும்வரை அவரவர் லேனிலேயே ஓடவேண்டும். வளைவு முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு இருக்கும். அதைத் தாண்டிய பிறகுதான் உள்பக்கம் வரலாம். எங்கள் மைதானத்தில் ஓடத் தொடங்கியவளின் காலுக்குக் கீழே வருகிற முதல் குறுக்குக் கோடு அதுதான். வேறு கிடையாது.

நானும் எண்ணூறு ஓடியவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். காலேஜ் வாசலை மிதித்ததும், அரை டவுசர் போட்டு ஊர் பார்க்க ஓடியதும் நான்தான். "ஆம்பள கணக்கா ஓடுறா பாரு" என்று தெருவில் சொன்னவர்களுக்கு நான் பதில் சொன்னதும் இல்லை, தலை குனிந்ததும் இல்லை. பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தது. குதிகால் நரம்பு போய் ஓட்டம் நின்றபோது அந்தச் சான்றிதழ்தான் உடற்கல்விப் படிப்பில் ஸ்போர்ட்ஸ் கோட்டா இடம் வாங்கித் தந்தது. படிப்பு முடிந்ததும் விருத்தாசலத்தில் இந்தப் பெண்கள் கல்லூரியில் கோச் ஆனேன். என்னிடம் ஓடியவர்களில் சிலர் என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் சின்னவர்கள்.

அவர்களில் ஒருத்தி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா செராமிக் கம்பெனிச் சூளையில் வேலை பார்ப்பவர். மேல்படிப்புக்கு அவரிடம் பேசப் போனபோது நேராகவே சொன்னார்.

"யூனிவர்சிட்டி டீமுல எடுத்தாங்கன்னா உங்கள மாதிரியே படிக்கட்டும் டீச்சர். எடுக்கலன்னா கம்பெனிக்கு வரட்டும். பெயிண்டிங் செக்‌ஷன்ல எடம் கேட்டு வச்சிருக்கேன்."

கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் முதல் மூன்று பேரை அணிக்கு எடுப்பார்கள். அவளுடைய வேகத்துக்கு அது பெரிய விஷயமில்லை. அந்த நம்பிக்கையில் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அதுவரை ஓட்டப் பந்தயம் பார்த்ததே இல்லை. வெளுத்த சட்டை போட்டு, பையில் முறுக்குப் பொட்டலத்தோடு வந்தார். வழியில் பஸ் நின்றுபோய், நாங்கள் மைதானத்துக்குள் நுழையும்போதே மைக்கில் எண்ணூறு மீட்டருக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ட்ராக்கை ஒரு சுற்று நடந்து பார்க்க நேரமில்லை. "கோடு தாண்டிட்டு உள்ள வா" என்றேன். எப்போதும் சொல்வதுதான். "சரிங்க மேடம்" என்று ஓடினாள்.

வெளி லேன் கிடைத்திருந்தது. துப்பாக்கி வெடித்ததும் நன்றாகவே எடுத்தாள். அது பெரிய மைதானம். வளைவு முடிவதற்குச் சற்று முன்பே ரிலேக்காரர்கள் குச்சி மாற்றும் எல்லைக்கான குறுக்குக் கோடு இருந்தது. அதுவும் அதே வெள்ளை. அதை மிதித்ததும் அவள் அழகாகச் சாய்ந்து உள்ளே வந்தாள். உள்ளே வரவேண்டிய கோடு இன்னும் சில அடி தள்ளியிருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நடுவர் எழுந்து, விதி மீறினால் காட்டும் மஞ்சள் கொடியைத் தூக்கினார்.

அவளுக்கு அது முதுகுப்பக்கம். மைதானத்தில் வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஓட்டத்தில் பெரும்பகுதி பாக்கி இருந்தது.

"முன்னால போறது நம்ம புள்ளதான டீச்சர்?" என்றார் அவளுடைய அப்பா.

"ஆமாங்க."

பின்னாலிருந்து ஒரு பி.டி. மாஸ்டர், "யாருய்யா இது, எக்ஸ்பிரஸ் வண்டி கணக்கா போவுது?" என்றார்.

"எம் பொண்ணுங்க சார்! விருத்தாசலம்!" என்று இவர் திரும்பிச் சொன்னார். முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து அவரிடம் நீட்டவும் செய்தார்.

முதல் சுற்று முடிந்து எங்களைக் கடக்கும்போது அவள் என்னைப் பார்த்தாள். எப்போதும் அந்த இடத்தில் "தோள இறக்கு" என்று கத்துவேன். அன்று அதற்குப் பதிலாகக் கை தட்டினேன். கையை வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் தோளைத் தானே இறக்கிக்கொண்டு போனாள். அவள் அவ்வளவு நன்றாக ஓடி நான் பார்த்ததில்லை. முதலாவதாக வந்தாள்.

நான் நடுவர் மேசைக்குப் போனேன்.

"யாரையும் இடிக்கல சார். ரிலே கோட்டத் தப்பா நெனச்சிட்டா."

"நானும் பார்த்தேன் மேடம். பாவந்தான். ஆனா முன்னாடியே உள்ள வந்தா தூரம் கொறையுதே. நீங்களும் ஓடுனவங்கதான, நீங்களே சொல்லுங்க."

மேசையிலிருந்த இன்னொருவர் சிரித்துக்கொண்டே, "அவங்க ஊர்ல கப்பு சாசருக்குத்தான் கோடு போடுவாங்க சார்" என்றார். வேறு நாளாக இருந்தால் அந்த ஆளை நான் விட்டிருக்க மாட்டேன். அன்று அவருக்கு வணக்கம்கூடச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மைக்கில் மூன்று பெயர் படித்தார்கள். அவள் பெயர் இல்லை. அப்பாவும் மகளும் என் முகத்தைப் பார்த்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அவள் உடனே ட்ராக் பக்கம் திரும்பி அந்தக் கோடுகளைப் பார்த்தாள். அவர் நேராக மேசைக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"கோடுதான சார் தப்பு? இன்னொரு வாட்டி ஓட வுடுங்க. எம் புள்ளைக்குக் களைப்பே கெடையாது. இப்பவே ஓடுவா."

நடுவர் கோபப்படவில்லை. அவரை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "அப்படியெல்லாம் ஓட முடியாதுங்க பெரியவரே" என்றார். இவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஒரே வாட்டி சார்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தபோது அவள் எங்கள் பக்கத்தில் இல்லை. அப்பா கேட்டது அவள் காதில் விழுந்திருக்கிறது. பதில் விழவில்லை. ஸ்டார்ட்டில் ஆண்கள் எண்ணூறுக்காகப் பையன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வருவதைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"எந்த லேன் மேடம்?" என்றாள்.

பையன்களை ஓட விடவேண்டியிருந்தது. அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.