தொட்ட பிறகு கழுவிய கை

காரைக்குடியில் ஒரு தருமாஸ்பத்திரியில் பெண்கள் வார்டு நர்ஸாக இருந்தேன். என் அளவுக்குச் சுத்தக்காரி அந்தச் சீமையிலேயே கிடையாது என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு. காலையில் ஒரு குளியல், வேலை முடிந்ததும் ஒரு தலைமுழுக்கு. பிரசவம் பார்த்த கை ஒரு டம்ளரில் பட்டுவிட்டால், புளி போட்டுத் தேய்த்த பிறகுதான் அந்த டம்ளர் வீட்டுக்குள் போகும். வார்டில் எல்லோருமே அப்படித்தான், கழுவச் சோம்பல் பட்டவர்கள் ஒருவரும் இல்லை. ஆனால் எல்லாம் தொட்ட பிறகு. தொடுவதற்கு முன்னால் எதற்குக் கழுவ வேண்டும் என்று எங்களுக்குப் புரிந்ததே இல்லை. டாக்டரம்மா கிருமி கொல்லும் லோஷனை ஒரு பேசினில் ஊற்றி வைத்துவிட்டுச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். அவர் தலை தெரிந்தால் கழுவுவோம்.

அந்தக் கோடையில் ஊருணி வற்றி, தண்ணீர் மாட்டுவண்டியில் வந்தது. ஒரு நாள் சீழ் பிடித்த கால்புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். பிரசவ அறையிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். கண்டனூர்ப் பக்கம் வயல்வேலை செய்யும் பெண், தலைப்பிரசவம். எப்படியும் முடிந்ததும் தலைமுழுகத்தானே போகிறோம், இப்போது எதற்குத் தண்ணீரை வீணாக்குவது என்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஓடினேன். சுகப்பிரசவம், பெண் குழந்தை. அப்புறம் நான்கு குடம் ஊற்றிக் குளித்தேன். தண்ணீர்க் கவலை அப்போது எங்கே போயிற்றோ!

மூன்றாம் நாள் அவளுக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டது. அந்தக் காய்ச்சலில் பிழைத்தவர்களைவிடப் போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருந்தேன். டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பிரசவத்துக்கு முந்தி எதைத் தொட்டே?"

சொன்னேன்.

"இனி இவளை நீயே பாரு. கழுவிட்டுப் பாரு" என்றார், அவ்வளவுதான். அதற்கு நாலு அறை கொடுத்திருக்கலாம்.

பதினோரு நாள் அவள் பிதற்றினாள். பிள்ளைக்குப் பக்கத்துக் கட்டில்காரி பால் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் அவளைத் தொட்டேன். லோஷன் பட்டுப்பட்டு விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. எரியட்டும் என்று இருந்தேன். தெரிந்த சாமி, தெரியாத சாமி ஒன்றையும் விடவில்லை. பன்னிரண்டாம் நாள் வேர்த்து விட்டு, காய்ச்சல் இறங்கியது.

வீட்டுக்குப் போகும் அன்று அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இந்தக் கைதான் நர்சம்மா எனக்கு உசிரு குடுத்துச்சு."

என்னால் தாங்க முடியவில்லை.

"இந்தக் கைதான் தாயி ஒனக்குக் காய்ச்சலையும் குடுத்துச்சு. புண்ணைத் தொட்டுட்டு, கழுவாம ஒன்னையத் தொட்டேன்."

அவள் சிரித்தாள்.

"போங்க நர்சம்மா. எங்களைத் தொட்டாத் தலைமுழுகுறவுக நீங்க. உங்க கையில ஏது அழுக்கு? என் ஒடம்புலதான் இருந்திருக்கும்."

பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வண்டியேறிவிட்டாள். அழுக்கு தன்னுடையது என்றே நம்பிக்கொண்டு போனாள். நான் வார்டுக்குள் வந்து, யார் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் வாய்விட்டு அழுதேன்.