வெள்ளிக்கிழமைப் பூ

மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் மல்லிகை, தீவில் நாங்கள் இருந்த மாயாபந்தர் வந்து சேர்வதற்குள் கருத்துப்போகும். அங்கே குவார்ட்டர்ஸில் ஏழு வருஷம் இருந்தோம். எங்கள் வீட்டு முருகனுக்கு இனிச் செம்பருத்திதான் என்று முதலில் நினைத்திருந்தேன். முதல் மழைக்காலத்தில், பின்னால் இருந்த காட்டுச் சரிவில் அந்தப் பூவைக் கண்டேன். வெள்ளை இதழ், நடுவில் ஊதா நாக்கு. ஒரு தண்டில் ஐந்தாறு பூக்கும். என் பூஜை அலமாரியைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். அந்தப் பெருமை எனக்கு வேண்டியிருந்தது.

சாமிக்கு வைக்கும் பூ கீழே விழுந்ததாக இருக்கக் கூடாது. அதனால் ஒன்றைக்கூட உதிர விட்டதில்லை. மொட்டையும் கிள்ளி வந்து தண்ணீரில் போட்டுவைப்பேன், வெள்ளிக்கிழமை விரிந்துவிடும். கடைசி வருஷங்களில் பூ குறைந்துபோனது. நான் இன்னும் மேலே ஏறித் தேடிப் பறித்தேன்.

பிறகு கணவருக்குத் தீவின் தலைநகரில் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துக்கு மாற்றலாகி, அங்கேயே டாலிகஞ்சில் குடியேறினோம். எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் பெண் செடிகொடிகளை ஆராய்ச்சி செய்கிறவள். தீவிலேயே பிறந்த தமிழ்ப் பெண், பாதி இந்தியில் பேசுவாள். போன மாதம் மொபைலில் ஒரு பூவின் படத்தைக் காட்டினாள்.

“ஆன்ட்டி, நீங்க மாயாபந்தர்ல இருந்தீங்கள்ல? இந்த ஃபூல் கபி பாத்திருக்கீங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “இதுவா? எங்க முருகனுக்கு வெள்ளிக்கிழமையானா இதுதானே.”

அவள் சிரிக்கவில்லை. உலகத்தில் இந்தத் தீவுகளில் மட்டுமே இருக்கிற பூவாம். அழியும் தறுவாயில் இருப்பவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்களாம். மூன்று மழைக்காலம் தேடியும் அவளுக்கு ஒரு செடிகூட அகப்படவில்லை.

“ஒரு பூவையாச்சும் செடியில விட்டீங்களா ஆன்ட்டி? காய் முத்தி வெடிச்சாதானே விதை விழும்.”

அதன் காய் எப்படி இருக்கும் என்றே நான் பார்த்ததில்லை. அவரைக் கொடியில் விதைக்கென்று நாலு காயை முற்றவிடுகிறவள்தான் நான். இதற்கு மட்டும் அது தோன்றவேயில்லை.

போன வாரம் இருவரும் பஸ் ஏறி மாயாபந்தர் போனோம். சரிவு அப்படியே இருந்தது. ரோடு போடவில்லை, மாடு மேய்ந்த தடமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பழி போட வேறு யாரும் கிடைக்கவில்லை. நாலு மணி நேரம் தேடியதில் பாறை ஓரமாக ஒரே ஒரு செடி, ஒற்றைத் தண்டு, இரண்டு மொட்டு. குனிந்தபோது பழக்கத்தில் என் கை நீண்டுவிட்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் நோட்டை எட்டிப் பார்த்தேன். ‘அழிவுக்குக் காரணம்’ என்ற இடத்தை மட்டும் வெறுமனே விட்டிருந்தாள்.

“எழுதும்மா,” என்றேன்.

“ரஹ்னே தோ ஆன்ட்டி, விடுங்க. நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க?”

பேனாவை வாங்கி நானே எழுதினேன். ‘பூஜைக்குப் பறித்தது.’ பஸ் ஆட்டத்தில் எழுத்து கோணலாக விழுந்தது.