மண்ணெண்ணெயில் கழுவிய கைகள்

போன வியாழக்கிழமை காலை மையத்தில் இருந்தவர்கள்: இருபத்தெட்டுப் பிள்ளைகள், சமையல் செய்யும் சரசக்கா, நான். இல்லாதவர்கள்: அம்மை போட்டுப் படுத்திருந்த இரண்டு பேர். அப்புறம்... நான்கு மாதமாக எட்டிப் பார்க்காத அரசாங்கப் பணம்!

அருள்புரத்தில் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் நான் பாடம் சொல்வது உங்களுக்குத் தெரியும். பனியன் வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கு இரண்டு வருஷப் படிப்பு, மத்தியானச் சோறு, மாதம் நூறு ரூபாய் — எல்லாம் அரசாங்கச் செலவு. அதிகாரி வந்து பார்த்து, 'தொடரலாம்' என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் கதவுக்குப் பூட்டுத்தான்.

அவர் வருகிற தகவல் முந்தின நாள்தான் வந்தது. உடனே மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்கு ஓடினேன்.

ஏன் என்கிறீர்களா? பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டார்கள் என்பதெல்லாம் காகிதத்தில். நாலு மணிக்கு மையம் விட்டதும் பாதிப் பேர் நேராக, பனியனில் சாயப் படம் அச்சடிக்கும் பிரிண்டிங் பட்டறைக்குப் போகிறார்கள். பணம் வராத வீட்டில் போய், 'அனுப்பாதீங்க' என்று எந்த வாயால் சொல்வது?

விரல் இடுக்கெல்லாம் சாயம். அதிகாரி பார்த்தால் தொலைந்தோம். ஒரு பாட்டில் மண்ணெண்ணெய், கை நிறைய பனியன் வேஸ்ட் துணி... ஒவ்வொரு கையாகத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

"ஏனுங்க சாரு, புள்ளைங்களப் பொண்ணு பாக்கவா வர்றாங்க?" என்றார் சரசக்கா. "இன்னிக்கு என்ர சாம்பாரே சீமெண்ணெயாட்டத்தான் மணக்கும் போங்க!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி வரிசையாக எல்லோரையும் கையை நீட்டச் சொன்னார். பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"பனியன் கம்பெனிப் பிள்ளைங்கன்னு எழுதியிருக்கீங்க. நகத்துல ஊறின சாயம் லேசுல போகாதே, ஒரு கையில கூட ஒரு கறை இல்லையே தம்பி? பக்கத்து ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்து ஆள் காட்டுறீங்களா?"

கறையைக் கழுவினேன் என்றால், 'இன்னும் வேலைக்கு விடுகிறாயா' என்பார். பேசாமல் நின்றால், 'போலி மையம்' என்று எழுதுவார். எப்படிப் பார்த்தாலும் பூட்டு!

அப்போது முத்துலட்சுமி எழுந்தாள். பன்னிரண்டு வயது. தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா, அம்மா, சாயங்காலத்தில் இவள் — மூவருக்கும் ஒரே பட்டறை.

"நாங்க வேலைக்குப் போற பிள்ளைய தான் சார். நேத்துகூட துணி காயப் போட்டேன். வேணும்னா எங்க முதலாளிட்ட கேளுங்க." பட்டறையின் பெயரையும் சொன்னாள்.

அவளை உட்காரச் சொல்லியிருக்கலாம். 'சின்னப் பிள்ளை, ஏதோ உளறுது சார்' என்று சமாளித்திருக்கலாம். செய்யவில்லை. அதிகாரியின் முகத்தில் சந்தேகம் விலகுவதைப் பார்த்தபடி நின்றேன். அந்த நிமிஷம் எனக்கு வந்தது... நிம்மதி. அதை நினைத்தால்தான் இப்போது என்னைப் பார்த்தே பயமாக இருக்கிறது.

"இதையும் மூடினா பிள்ளைங்க முழுநாளும் பட்டறைக்குத்தான் போகும்" என்றபடி 'தொடரலாம்' என்று எழுதினார். "சாயங்காலம் வேலைக்கு விடாதீங்க" என்று எச்சரித்தார். போகிற வழியில் அந்தப் பட்டறையில் ஜீப்பை நிறுத்தி, முதலாளியையும் விசாரித்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சம்பள நாள். முதலாளி அவள் அப்பாவிடம் சம்பளக் கவரை நீட்டிவிட்டு, "திங்கக்கிழமையிலிருந்து நீங்க மூணு பேரும் வர வேண்டாமுங்க" என்றாராம். திட்டவில்லை. குரலை உயர்த்தவில்லை. எங்கள் ஊரில் ஆளை நிறுத்தும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் நிறுத்துவார்கள்!

ஜீப்பைக் கூட்டி வந்த குடும்பம் என்ற பேச்சு அதற்குள் பரவிவிட்டது. இரண்டு நாள் அலைந்தும் எந்தப் பட்டறையிலும் சேர்க்கவில்லை. நேற்று அவள் அப்பா மையத்துக்கு வந்தார்.

"பிள்ள பொய்யா சொல்லிட்டா சார்?"

"இல்லீங்க அண்ணாச்சி."

"அப்ப நீங்க ஏன் சார் ஒண்ணும் பேசல?"

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். படித்தால் யாருக்கும் பயப்படாமல் பேசலாம் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தினமும் சொல்கிறவன். அவர் கிளம்பும்வரை வருகைப் பதிவேட்டையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

மையம் பிழைத்துக்கொண்டது. அவர்கள் வீட்டில் போனது, வாரம் அறுநூறு ரூபாய்.