சத்தம் வெளியே போகாத அறை

ஹோம் தியேட்டர் வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் வீடு கட்டி, பெயின்ட் அடித்து, கிரகப்பிரவேசமும் முடித்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். அப்புறம் ஒயர் போக வழியில்லை என்று நம்மைத் திட்டுவார்கள். இருபத்தாறு வருடத்தில், வீடு வாங்குவதற்கு முன்பே என்னைக் கூப்பிட்ட ஒரே ஆள் முனிரத்தினம் சார்தான்.

ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். மனைவி இறந்து மூன்று வருடம். ஒரே மகள் சுமதி, கணவன் குழந்தையோடு புனேயில்.

"வீடு எப்படி இருந்தாலும் பரவால்லபா. கீழ செல்லார், அதான் தரைக்கு அடியில ஒரு ரூம், இருக்கணும். அதுல தியேட்டர் போடணும். நீ பார்த்து ஓகேன்னா வாங்கிக்கிறேன்" என்றார் போனில்.

1. மூன்று வீடுகள்

முதல் வீடு திருப்பதியில் அலிபிரி பக்கம். செல்லார் சுவரில் கை வைத்தேன், ஈரம். "சார், ஒரு மழைக்கு ஸ்பீக்கர் மிதக்கும்" என்றேன். திரும்பிவிட்டோம்.

இரண்டாவது வீட்டில் செல்லார் காய்ந்த சுவரோடு நன்றாகவே இருந்தது. ஆனால் தென்மேற்கு மூலையில் இருந்தது. அந்த மூலையில் பள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டை ஓசியில் கொடுத்தாலும் யோசிப்பார்கள். "வாஸ்துல எனக்கு நம்பிக்கை கிடையாதுபா" என்றார் சார். "ஆனா சம்பந்தியம்மா இதையே சாக்கா வச்சிக்கினு யாரையும் தங்க விடமாட்டாங்க."

மூன்றாவது வீட்டின் வாசலிலேயே புரோக்கர் ஆரம்பித்துவிட்டார். "ஈசான்யத்துல பள்ளம் சார், சால மஞ்சிதி, ரொம்ப நல்லது!" நான் டேப்பைப் போட்டேன். பதினாலுக்குப் பதினொன்று, உயரம் ஏழரை அடி. சின்ன அறைதான். ஆனால் ஈரம் இல்லை, நடுவில் தூணும் இல்லை. ஓகே என்றேன்.

2. ஆறு சீட்

தகராறு சீட்டில் வந்தது. அவர் ஆறு கேட்டார். "நாலுதான் சார் போட முடியும். ஆறு போட்டா பின் வரிசை சுவத்துல ஒட்டிக்கும், பேஸ் சவுண்டு குழம்பும்" என்றேன்.

"குழம்பட்டும்பா. ஆறு போடு."

"யார் சார் வரப்போறாங்க ஆறு பேரு?"

கேட்டிருக்கக் கூடாது. சார் சொன்னார். "திருப்பதியில இருக்கற வீடு லக்கேஜ் ரூம் மாதிரிதாம்பா. எல்லாரும் தரிசனத்துக்கு வராங்க. பையை வைப்பாங்க, குளிப்பாங்க, மேல மலைக்குப் போவாங்க. இறங்கி வந்து கையில லட்டு குடுத்துட்டு ட்ரெய்ன் புடிக்க ஓடுவாங்க. எம்பொண்ணும் அப்பிடித்தான். படம் போட்டா ரெண்டு மணி நேரமாவது உக்காந்துகினு இருப்பாங்க இல்ல?"

எனக்கும் இந்த ஊரில் ஒற்றை அறைதான். ஓட்டலில் தின்றுவிட்டு வந்து கதவைச் சாத்தினால் பேச ஆள் கிடையாது. ஆறு சீட்டே போட்டேன்.

வேலை இரண்டு மாதம் நடந்தது. சுவருக்குச் சத்தத்தை உறிஞ்சும் ராக்‌வூல், அதன்மேல் ஜிப்சம் போர்டு இரண்டு லேயர், கனமான கதவு, சுற்றிலும் ரப்பர் கேஸ்கட். சப்வூஃபர் ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு மேலே ஹாலில் போய் நின்று பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ஒரே பெருமை. அந்த அறைக்குள் போனுக்குச் சிக்னல் இல்லை என்பதும் எனக்கு முதல் நாளே தெரியும். தொந்தரவில்லாமல் வேலை ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டேனே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

3. சுமதி வந்த நாள்

காலையில் வந்து பையை வைத்துவிட்டு மலைக்குப் போனார்கள். இரண்டு மணிக்கு இறங்கிவிடுவோம், சாயங்காலம் வரை இருந்து படம் பார்த்துவிட்டு ரேணிகுண்டாவில் ஏழு மணி ட்ரெய்ன் என்று திட்டம். க்யூவில் போகும்போது போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் கூப்பிட்டுக் கேட்க முடியாது.

மத்தியானம் சாரும் நானும் என் பைக்கில் பஜாருக்குப் போய் ஒரு கேபிள் வாங்கி வந்தோம். வண்டியைப் பின்பக்கம் விட்டேன். தெருநாய்க்குப் பயந்து சார் கேட்டைப் பூட்டினார். நான்கு மணியாகியும் அவர்கள் வரவில்லை. "போன் கைக்கு வந்ததும் கூப்பிடுவா. அதுக்குள்ள கடைசியா ஒரு தடவை சவுண்டு பார்த்துடலாம்" என்றார். கீழே இறங்கி, கனமான கதவைச் சாத்தி, பேரனுக்குப் பிடித்த கார்ட்டூன் படத்தைப் போட்டு, ஒவ்வொரு சீட்டிலும் மாறி மாறி உட்கார்ந்து சத்தத்தைச் சரி செய்தோம். நேரம் போனதே தெரியவில்லை.

மேலே வந்தபோது ஆறரை மணி. கேட்டில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே லட்டு.

சிக்னல் கிடைத்ததும் சாரின் போன் விடாமல் அதிர்ந்தது. பதினேழு மிஸ்டு கால், எல்லாம் சுமதி. கூப்பிட்டார். ஸ்பீக்கரில் அழுகையும் கோபமுமாக வந்தது.

"நைனா, எங்க போயிட்ட? கேட்ல பூட்டு தொங்குது. பெல் அடிச்சி அடிச்சி அரை மணி நேரம் நின்னுகினு இருந்தோம். பைக்ல போனதைப் பார்த்தேன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. புள்ள அழுதுகினே வந்தான். இப்ப ரேணிகுண்டா வந்துட்டோம், காலைல வச்ச பை அங்கியே இருக்கட்டும்."

உண்மையைச் சொல்லுவார், என் தலை உருளும் என்று நின்றேன். "பஜார்ல லேட்டாயிடுச்சும்மா. தப்பு எம்மேலதான்" என்றார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு பொட்டு சவுண்டு கூட உள்ள வரல, வெளிய போகல. நல்ல வேலைபா."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

4. சிவப்பு பல்பு

மறுநாளே காலிங்பெல் லைனை இழுத்து, ஸ்க்ரீனுக்குக் கீழே ஒரு சிவப்பு பல்பு மாட்டினேன். யாராவது பெல் அடித்தால் எரியும். செல்லாருக்குள் போன் பேச வைஃபையும் கொடுத்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ராக்‌வூல் பண்டலைப் பிரிப்பதற்கு முன்னால் பெல் ஒயரை இழுங்கள். சத்தத்தை அடைக்க எல்லோருக்கும் தெரியும், வெளியே நிற்கிறவனை நினைக்கத்தான் நமக்குத் தெரியாமல் போகிறது.

அதற்குப் பிறகு சுமதி இன்னும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். நான் மாதம் ஒருமுறை சர்வீஸ் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு போகிறேன். கேட்டை இப்போது அவர் பூட்டுவதே இல்லை. இருந்தாலும் பெல்லை அடித்துவிட்டுத்தான் கீழே இறங்குவேன். கதவைத் திறந்தால் சார் சீட்டைவிட்டு எழுந்து நின்றுகொண்டிருப்பார். பின்னால் படம் ஓடிக்கொண்டிருக்கும்.

"நீயாபா? வா, உக்காரு" என்பார்.

ஆறு சீட்டில் ஒன்றில் உட்கார்ந்து, படம் முடியும் வரை இருந்துவிட்டு வருகிறேன்.