ரொட்டி சுடாத எட்டு நாட்கள்

எதிர்வீட்டு மாடி ஜன்னலிலிருந்து இஞ்சி தட்டிப்போட்ட டீயின் வாசனை இறங்கி வந்தால் நான் வாசலை விட்டு உள்ளே ஓடிவிடுவேன். ஹன்சாக்கா எழுத உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். அவர் எழுதுவதெல்லாம் என்மேல் புகார் என்று பத்து வயதில் நான் மனதார நம்பினேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அவருடைய கணவரின் அண்ணன், நாங்கள் ‘பெரிய சேட்டு’ என்று அழைத்தவர், ஸ்கூட்டரை நிழலில் நிறுத்திவிட்டுப் போனதும் நான் சக்கரத்தில் ‘காத்தைப் புடுங்கி’க்கொண்டிருந்தபோது, ஹன்சாக்கா ஜன்னலிலிருந்து பார்த்து ஒரு புன்னகை புரிந்துவிட்டு உடனே குனிந்து எழுதத் தொடங்கினால் வேறு என்னதான் நினைப்பது?

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில், கீழே ‘மல்லாட்டை’ என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மண்டியும் மேலே குடும்பமுமாக இருந்தது அந்த வீடு. ராஜ்கோட்டிலிருந்து கல்யாணமாகி வந்த ஹன்சாக்கா, மீன்காரம்மாக்களிடம் நின்று பேசிப் பேசியே எங்கள் ஊர்த் தமிழைப் பிடித்துக்கொண்டவர். எழுதியது மட்டும் குஜராத்தியில். ரயிலடிப் பெயர்ப்பலகையில் பார்த்திருந்த இந்தி எழுத்துகள் கொடியில் காயும் துணி போல வரிசையாகத் தொங்கும். இவருடையவை கொடி அறுந்து கீழே விழுந்த துணி போலக் கிடக்கும். புரியாத எழுத்தில் இருப்பதெல்லாம் நம்மைப் பற்றித்தான் என்பது அன்றைக்கு என் கொள்கை. ஐம்பதைத் தாண்டியும் அதை முழுசாகக் கைவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

கதைகளைத் தபால்பெட்டியில் போடும் வேலை எனக்குத்தான். குறைந்த கட்டணத்தில் போகும் ‘புக் போஸ்ட்’ உறையை ஒட்டக்கூடாது என்பது அந்தக் காலத்துத் தபால் விதி. திறந்த வாயோடுதான் அது ஆமதாபாத் பத்திரிகை ஆபீஸ் வரை போகும். காற்றுப் பிடுங்கிய மறுநாளே ஒரு கனமான உறை என் கைக்கு வந்தது. உருவிப் பார்த்தேன். ஒரே சொல் பக்கத்துக்கு நாலு முறை வந்திருந்தது. என் பெயர்தான், சந்தேகமே இல்லை! கால் தானாக உப்பனாற்றுப் பாலத்துக்குப் போனது. தாள்கள் தண்ணீரில் விரிந்து படகுத்துறைப் பக்கம் மிதந்து போனதைப் பார்த்துவிட்டு, போலீஸையே ஏமாற்றியவன் போல வீடு வந்து இரண்டு தட்டு சோறு தின்றேன்.

மூன்று வாரம் கழித்து அம்மா, அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பாவங்க அந்த ஹன்சா. இந்தத் தீபாவளி மலர்ல கதை வரலைன்னா இனிமே எழுதவே கூடாதுன்னு பெரிய சேட்டு சொல்லிட்டாராம். சுத்த சைவக் குடும்பத்துப் பொம்பளை கருவாட்டுச் சந்தையை எழுதறதான்னு கேட்டாராம். ஹன்சாவும் சரின்னுட்டுதாம். அனுப்பி மூணு வாரமாச்சு, ஒரு பதிலும் காணோம்.”

எதிர்வீட்டுப் படியேறிப் போய், அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்.

“உன்னைப் பத்தியா?” என்றார் ஹன்சாக்கா. “அதுல உன்னைப் பத்தி ஒரு வரிகூட இல்லடா, எருமை. நாலு நாலு முறை வந்தது ‘கருவாடு’.”

“வேற பிரதி இருக்குதாக்கா?”

“இல்ல.”

நான் இன்னும் உரக்க அழுதேன். நானே போய்ப் பெரிய சேட்டிடம் சொல்கிறேன், தவணை கேட்கிறேன் என்று உளறினேன்.

“வாயை மூடு. சொன்னா உன்னை அடிப்பாரு, அப்புறம் என்னைப் பாவம்பாரு. அவரு பாவம் பாக்கறதுக்கா நான் எழுதறேன்?” நாள்காட்டியைப் பார்த்தார். “மலருக்கு அனுப்பற கடைசித் தேதிக்கு எட்டு நாள் இருக்கு.”

அந்த வீட்டில் ஆண்கள் சாப்பிட உட்கார்ந்தால், பெண்கள் அடுப்படியில் நின்று ஒவ்வொரு ரொட்டியாகச் சுட்டுச் சூடாகத் தட்டில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அன்று மத்தியானம் ஹன்சாக்கா கூடத்துக்கு வந்து, தெருவுக்கே கேட்கும்படி, அதுவும் தமிழில், அறிவித்தார்:

“எட்டு நாளைக்கு ரொட்டி கிடையாது. சோறுதான். வடிச்சு வெச்சிருக்கு, போட்டுக்குங்க.”

எங்கள் அம்மா தினமும் ஒரு தூக்கு சாம்பார் கொடுத்தனுப்பினாள். ‘நாங்களும் உன் கட்சி’ என்பதை அவள் சொன்ன விதம் அது. பெரிய சேட்டு எட்டு நாளும் சோற்றைப் பகையாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். மூன்றாம் நாள் மட்டும் சாம்பாரை இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டார், நான் பார்த்தேன். மேலே இஞ்சி டீயின் வாசனை விடாமல் வந்தது. எட்டாம் நாள் புதுக் கதை போனது. புக் போஸ்ட் இல்லை, அரக்கு முத்திரை வைத்த ரிஜிஸ்டர் தபால். என் கையில் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னாலேயே தபாலாபீஸ் வரை நடந்தும் வந்தார்.

மலரில் கதை வந்தது. பெரிய சேட்டு அதற்குப் பிறகு அந்தத் தடைப் பேச்சை எடுக்கவில்லை. ஹன்சாக்கா கடைசி வரை பேனாவை மூடவில்லை. குஜராத்தில் எங்கோ இருந்தவர்களெல்லாம் எங்கள் துறைமுகத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு படித்தார்கள். இன்று அந்த மண்டி இருந்த இடத்தில் செல்போன் கடை. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். புக் போஸ்ட் என்றால் என் மகளுக்கு என்னவென்று தெரியாது.

நான் இப்போது சிதம்பரத்தில் இருக்கிறேன். போன மாதம் மேலவீதியில் ஒரு குஜராத்தி மாணவியைப் பிடித்து, பீரோவில் வைத்திருந்த அந்த மலரைக் கொடுத்து, வரி வரியாகத் தமிழில் சொல்ல வைத்தேன். கருவாட்டுச் சந்தை வந்தது. ரொட்டி சுட மறுத்த ஒரு பெண் வந்தாள். ஆறாம் பக்கத்தில், கதையைத் தூக்கி ஆற்றில் போடும் ஒரு பையன் வந்தான்.

அவன் பெயர் செல்வம். என் பெயரை அவர் மாற்றக்கூட இல்லை.