கூடுதலாக இரண்டு பட்டை

வானமாமலைக்கு ஐம்பத்தாறு வயது. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, நடுவில் சாய்த்து வைத்த இரும்பு ஏணி. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் வந்தவர். முதலில் லாரியில் கிளீனர், பிறகு மூன்று சக்கர டெம்போ, அதன் பிறகு நாலு சக்கரச் சின்ன டெம்போ. சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர்களின் அண்டா குண்டான்களைக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவருவதுதான் முப்பது வருடத் தொழில். மாட்டுங்காவிலிருந்து கல்யாண் வரை அவருக்குத் தெரியாத மண்டபத்துப் பின்வாசல் கிடையாது. முன்வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசிப்பார்.

மூன்று வருடத்துக்கு முன் டெம்போவை விற்றுவிட்டு, இரண்டு வருடம் ஓடிய டபுள் கேபின் பிக்கப் ஒன்றை வாங்கினார். தெருவே சிரித்ததாம். ஐந்தேகால் மீட்டர் நீளம். சந்துக்குள் நுழையாது, மெயின் ரோட்டில்தான் நிறுத்த வேண்டும். ஒரே வீச்சில் திரும்பாது, முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை எடுக்க வேண்டும். அதற்குள் நாலு டாக்ஸிக்காரர்கள் திட்டி முடித்துவிடுவார்கள். ஆனால் வானமாமலைக்குக் காரணம் இருந்தது. டெம்போவில் சமையல்காரர்கள் அண்டா மேல் உட்கார்ந்து மழையில் நனைந்துகொண்டு வருவார்கள். இதில் நாலு கதவு, ஓட்டுகிறவரோடு ஐந்து பேர் உட்காரலாம், பின்தொட்டியில் ஒரு டன் சாமான் ஏற்றலாம். மனுஷனும் சாமானும் தனித்தனியாகப் போக வேண்டும் என்பார். அதற்கு மேல் விளக்கம் சொல்ல மாட்டார்.

மற்ற விவரமெல்லாம் கேட்காமலே சொல்வார். இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைந்த டர்போ டீசல் எஞ்சின், நூற்றறுபது குதிரைசக்தி, ஆறு கியர், தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் நடுவே இருபத்திரண்டு சென்டிமீட்டர். இந்தக் கடைசி எண்ணுக்கு என்ன மதிப்பு என்று ஜூலை மாதம் சயானில் தண்ணீர் நிற்கும்போதுதான் தெரியும்.

போன ஜூலையில்தான் அவர் மனைவி பேராச்சி குழாயடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் தொடையெலும்பின் கழுத்து முறிந்து, ஆபரேஷனில் புதுப் பந்து வைத்தார்கள். மகள் உமாமகேஸ்வரி சான்பாடாவில் இருக்கிறாள், வாஷியில் ஆபீஸ். லீவு தீர்ந்ததும் எட்டு வாரத்துக்கு என்னை ஏற்பாடு செய்தாள். செம்பூரிலிருந்து நான் காலையில் வந்து மாலையில் போவேன். முதியோர் பராமரிப்புப் பயிற்சி முடித்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. பார்த்த இடுப்புகளுக்குக் கணக்கில்லை.

பேராச்சியின் இடுப்பில் தையல் நன்றாக ஆறியிருந்தது. சிக்கல் வேறு. வாரம் இரண்டு தடவை செம்பூரில் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். இந்த ஆறு வாரம்தான் அவள் நடப்பாளா, உட்கார்ந்தே போவாளா என்பதைத் தீர்மானிக்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அடுப்படி மேலே இருந்தது, ஏணிக்கு ஒன்பது படி. ஏற முடியாதவள் அந்த வீட்டில் விருந்தாளி மாதிரிதான். அவளே அதை முதல் நாள் சொன்னாள்.

"மேல இவிய பருப்பத் தீச்சுட்டாவ அக்கா. நான் கீழ கெடந்து மோந்துட்டு இருக்கேன்."

அப்படிச் சொன்னவள், செம்பூர் என்றதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த வண்டியில் இனி ஏற மாட்டாளாம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரும்வரை ஒவ்வொரு குழிக்கும் எலும்புக்குள் யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி இருந்ததாம். நடக்காவிட்டால் கிடக்கிறேன் என்றாள்.

டாக்ஸி உதவாது. சீட் தாழ்வு. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே வந்துவிடும், புதுப் பந்துக்கு அது ஆகாது. ஆம்புலன்ஸ் வாரம் இரண்டு தடவை சொன்ன நேரத்துக்கு வந்ததை நான் பார்த்ததில்லை. ஆகவே இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு வண்டியைப் பார்க்கப் போனேன்.

முதல் தவறு உடனே தெரிந்தது. நோயாளி என்று மரியாதையாகப் பின்சீட்டில் ஏற்றியிருக்கிறார்கள். பிக்கப்பின் பின்சீட்டில் முதுகுப் பலகை செங்குத்தாக நிற்கும், கால் மடங்கும். முன்சீட் அப்படியில்லை. தரையிலிருந்து எண்பத்து நாலு சென்டிமீட்டர் உயரம், கடைசிவரை பின்னால் தள்ளலாம், சாய்க்கலாம். கதவு அகலமாகத் திறந்தது. பிடித்துக்கொள்ள மேலே கைப்பிடி இருந்தது. இடுப்பு ஆபரேஷன் ஆனவளுக்கு இதைவிட நல்ல இருக்கை எந்தக் காரிலும் கிடைக்காது. ஏறுவதற்கு அரையடி உயரத்தில் அகலமான பலகை ஒன்று போதும்.

பிறகு பாதித் தண்ணீர் உள்ள டம்ளரை மடியில் பிடித்துக்கொண்டு அவரோடு செம்பூருக்குப் போய்வந்தேன். எஞ்சினில் குறை இல்லை. சயான் மேம்பாலத்தில் கியர் மாற்றாமலே இழுத்தது. உயரத்தில் உட்காருவதால் முன்னால் நாலு வண்டிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று தெரிந்தது. ஆனால் பின்பக்கம் ஒவ்வொரு மேட்டுக்கும் எகிறி விழுந்தது. சயான் தாண்டுவதற்குள் என் புடவை நனைந்துவிட்டது.

காலியாகப் போனால் எந்தப் பிக்கப்பும் துள்ளத்தான் செய்யும், லோடு ஏற்றினால் தொட்டில் மாதிரி போகும் என்றார் வானமாமலை. அது பாதி உண்மை. மீதியைத் தெரிந்துகொள்ள வண்டியின் பின்னால் குனிந்து பார்த்தேன். அச்சின் மேல் வில்லாக வளைந்து அடுக்கியிருக்கும் கமான் பட்டைகளில் இரண்டு மட்டும் வேறு நிறமாக இருந்தன.

கேட்டேன். அதற்கென்ன, எல்லாரும் செய்வதுதான் என்றார். இங்கே டெம்போக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டி வந்தால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள், மறுநாள் வொர்க்‌ஷாப்பில் விட்டுக் கூடுதல் பட்டை போடுவார்கள். சின்ன டெம்போவுக்கு அது தேவைதான், அளவுக்கு மேல் ஏற்றுவார்கள். கம்பெனியிலிருந்தே ஒரு டன்னுக்குச் செய்து வந்த வண்டிக்கும் அதையே செய்திருக்கிறார், ஓட்டிக்கூடப் பார்க்காமல். பட்டை கூடினால் லோடு தாங்கும், காலியாகப் போகும்போது வளைந்து கொடுக்காமல் உதைக்கும்.

காற்றும் அப்படித்தான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் உள்தூணில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. பின்டயருக்குக் காலியாக இருந்தால் முப்பத்தைந்து, முழு லோடுக்கு ஐம்பது. மூன்று வருடமாக ஐம்பதுதான் அடிக்கிறார். அந்தச் சின்ன எண்ணை ஏன் விட்டீர் என்று கேட்டேன். அது கார் மாதிரி ஓட்டுகிறவர்களுக்கு என்று நினைத்தாராம்.

"பட்டையக் கழட்டுனா வால் தாழும் சிஸ்டரக்கா. சமையல் கான்ட்ராக்ட் நூர் நிஷா அக்காவோட பிரியாணி அண்டாவ, அந்தப் பெரிய தேக்சாவ ஏத்தும்போது வண்டி உக்காந்துட்டுன்னு நாலு பேரு சொல்லுவான்."

"மாசத்துல எத்தனை தடவை அந்த லோடு ஏத்துறீங்க?"

விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, இரண்டு, சீசனில் மூன்று என்றார். மற்ற நாளெல்லாம் பாதிகூட இல்லை. கல்யாண சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்றார்.

எலும்பு சீசன் பார்க்காது என்று சொன்னேன். சொல்ல வேண்டியதை ஒரு தடவைதான் சொல்வது என் வழக்கம். அன்றைக்கு டயர் காற்றை மட்டும் இறக்க வைத்தேன். நூர் நிஷாவின் கிடங்கிலிருந்து இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை எட்டு வாங்கி, தொட்டியில் கேபினை ஒட்டி அடுக்கிக் கயிறு போட்டோம். மறுபடி டம்ளரோடு ஒரு சுற்று. தண்ணீர் குறைவாகத்தான் சிந்தியது. ஆனால் ஸ்பீட் பிரேக்கரில் பழைய உதை இருந்தது. இந்த நிலையில் அவளை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். முதல் வாரத்தில் ஒரு நாள் அப்படி வீணானது.

வெள்ளிக்கிழமை நான் வந்தபோது வண்டியின் வால் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. வீட்டுக்குள் ஏணியடியில் சாக்குக்குக் கீழே இரண்டு பட்டைகள் சாய்ந்திருந்தன. குர்லாவில் வொர்க்‌ஷாப் திறக்கும் முன்பே போய்க் காத்திருந்திருக்கிறார். டம்ளரை எடுங்கள் என்று மட்டும் சொன்னார். போய்வந்தோம். மடி நனையவில்லை.

பேராச்சியிடம் அவரேதான் போய் நின்றார்.

"ஏட்டி, பட்டையக் கழட்டிட்டேன். ஒனக்காவத்தான்."

"எனக்காவவா? நான் அழுதப்ப கழட்டல. சிஸ்டரக்கா சேல நனைஞ்சதும் கழட்டுதிய."

அவள் சொன்னது சரிதான் என்று அவருக்கும் தெரியும். பிறகு அவளே வாக்கரை இழுத்துத் தன் பக்கம் வைத்தாள். பின்னால் அரிசி, முன்னால் நான், ரெண்டும் சேர்த்து எத்தனை கிலோ என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். அதுவரை முகத்தை இறுக்கி வைத்திருந்தவர் அப்போதுதான் சிரித்தார்.

சந்தில் சக்கர நாற்காலி, ரோட்டில் பலகை. வண்டிக்கு முதுகு காட்டி நிற்க வைத்தேன். சீட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்திருந்தேன், அதில் உட்கார்ந்தால் உடம்பு வழுக்கித் திரும்பும். முதலில் பின்பக்கத்தை வைத்து உட்கார்ந்தாள், பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே வாங்கினேன். ஆபரேஷன் ஆன கால் உள்பக்கம் திரும்பாமல் ஒரு தலையணை. நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். பிரேக்கை மூன்று வண்டி தூரத்துக்கு முன்னாலேயே தொடத் தொடங்கச் சொல்லியிருந்தேன். தொட்டார். கிளட்சை அத்தனை நிதானமாக விடுவதை அதற்கு முன் பார்த்ததில்லை. பின்னால் ஹாரன் அடித்தவனுக்குக் கையை மட்டும் காட்டினார்.

சுனாபட்டி பக்கம் ஒரு பெரிய மேடு வரும். தூரத்திலேயே பார்த்துவிட்டுப் பேராச்சி கைப்பிடியை இறுக்கினாள், கண்ணை மூடினாள். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் சற்றுத் தாமதித்து ஏறி, அமுங்கி, எழுந்தது. அவள் இன்னும் காத்திருந்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"அவ்வளவுதானா?"

வானமாமலை ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கழுத்து நரம்பு தளர்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

அதன் பிறகு பதினொரு தடவை போனோம். மூன்றாவது வாரம் அரிசி மூட்டையைப் பாதியாக்கினேன், ஐந்தாவது வாரம் முழுவதும் இறக்கினேன். காலி வண்டி கொஞ்சம் துள்ளத்தான் செய்தது. அதற்குள் அவள் தொடையில் பலம் வந்திருந்தது, தாங்கினாள். நடுவில் கல்யாணில் ஒரு பெரிய விருந்துக்கு நூர் நிஷாவின் தேக்சாக்களை ஏற்றிக்கொண்டு போனார். வால் தாழ்ந்தது, நாலு பேர் சொன்னார்கள். அதை அவரே வந்து என்னிடம் சொன்னார், வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது என்றும் சொன்னார்.

எட்டாவது வாரம் பிசியோதெரபிஸ்ட் படி ஏற அனுமதித்தார். உமாமகேஸ்வரி ஏணிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி வெல்டிங் வைத்துக் கொடுத்திருந்தாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது மற்றது. நான் கீழே நின்றேன், வானமாமலை எனக்குப் பின்னால் நின்றார். ஒன்பது படிக்கும் ஏழு நிமிடம் ஆனது. மேலே போனவள் உட்காரக்கூட இல்லை. தீய்ந்த பருப்புச் சட்டியைத் தேடி எடுத்து, அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். அப்புறம் ஏணி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள்.

"இறங்குத எடத்துல இரும்பப் போட்டு வச்சிருக்கியளே. காலு இடறாதா?"

அது சரியான பேச்சு. நானே முன்னால் சொல்லியிருக்க வேண்டும். வானமாமலை சாக்கோடு பட்டைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். எங்கே போட்டார் என்று நான் கேட்கவில்லை. மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது ரோட்டில் வண்டி நின்றிருந்தது. பின்னால் ஒரு தடவை குனிந்து பார்த்தேன். பட்டைகளெல்லாம் ஒரே நிறமாக இருந்தன.